காத்து எந்தப் பக்கம்?

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பஸ்ஸில், மில் அடையாள அட்டை மாட்டிய இரண்டு பெண்கள் எனக்கு முன்சீட்டில் இருந்தார்கள்.

"ஏட்டி, புது ரவுட்டருக்கு ஆர்டர் போட்டியே, காத்து எந்தப் பக்கமா போகும்னு பாத்தியா?" என்றாள் ஜன்னலோரத்தவள்.

"ரவுட்டருக்குக் காத்து எதுக்குட்டி? நெட்டு வந்தா போதாதா?"

"இது வீட்டு ரவுட்டர் இல்லட்டி, உள்ள ஃபேன் இருக்குல்லா. முன்னாடி காத்தை இழுக்கதுக்கு ஒரு பார்ட் நம்பர், பின்னாடி இழுக்கதுக்கு வேற நம்பர். நம்ம கம்ப்யூட்டர் ரூமுக்குப் பின்னாடி நூல் ஓடுத ஹால். பழைய ரவுட்டரைத் திறந்தப்போ உள்ள ஒரு தலகாணிக்குப் பஞ்சு இருந்துச்சே, மறந்துட்டியா?"

மற்றவள் அவசரமாகக் கடைக்குப் போன் போட்டு, ஆர்டர் செய்த நம்பரை வாசித்தாள். பதிலைக் கேட்டதும் போனைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"பின்னாடி இழுக்கதுதானாம். பார்சல் கட்டியாச்சாம். செத்த நேரத்துல லாரி வந்துருமாம். பேசாம ரவுட்டரைத் திருப்பி வச்சுருவமா?"

"வயர் அம்புட்டும் பின்னாடி போயிரும், கை எட்டாது. அதுக்கு மொதலாளிட்ட சொல்லி மில்லைத் திருப்பி வச்சிரலாம்."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு போனைக் காதில் வைத்தாள்.

"அண்ணே, அந்தப் பார்சலை நிப்பாட்டுங்க. எங்களுக்கு இன்னொரு தலகாணி வேண்டாம்."