பழுதான லொறி தேடியவர்

பரந்தன் சந்தியில் நாங்கள் பேருந்துக்குக் காத்துநின்ற இடத்தருகே பழைய லொறியொன்று விலைக்கு நின்றது. வாங்க வருபவர் சிறப்பைத் தேடுவது உலக வழக்கம். ஸ்கந்தபுரத்திலிருந்து வந்தவரோ பழுதைத் தேடினார்.

“அண்ணை, டீசல் கிடைக்காட்டி மண்ணெண்ணெயிலையும் பறக்கும்!” என்றார் விற்பவர்.

“அதுதான் தம்பி பயம். நல்ல லொறியெண்டா நாளைக்கே இயக்கப் பெடியள் ‘அவசரம்’ எண்டு கேட்டு வருவினம். மாட்டனெண்டு சொல்லேலுமே? வயலை வித்துத்தான் வாங்கிறன். லொறியும் போனா நான் எங்க போறது?”

விற்பவர் குரலைத் தாழ்த்தினார்.

“எனக்கும் அந்தப் பயந்தான் அண்ணை. பழுதாக் கிடக்கேக்க ஒருத்தரும் திரும்பிப் பாக்கேல்லை. போன கிழமை தெரியாத்தனமாத் திருத்திப்போட்டன்.”

வந்தவர் முகம் மலர்ந்தது.

“அப்ப திருத்தினவனையே கூட்டிவந்து பழையபடி பழுதாக்கித் தாரும். இப்பவே எடுக்கிறன்.”