ஜன்னல்களை மூடி வேலை செய்யவும்

ஏணி என்றால் எனக்கு இன்றும் பயம்தான். அதனால் அன்று கூரைக்குப் போனபோதும் தலைக்கவசம் போட்டிருந்தேன், இடுப்புப் பட்டையைக் கம்பியில் மாட்டியிருந்தேன். மோட்டாருக்கு வரும் மின்சாரத்தை அணைத்து, சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டு, சாவியைப் பையில் வைத்துக்கொண்ட பிறகுதான் கை வைத்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. எனக்கு வேலை தெரியாது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

பல்கலைக்கழகத்தில் நான் பாதுகாப்பு அதிகாரி. வாசலில் விசிலோடு நிற்பவன் என்று நினைத்துவிடாதீர்கள். என் மைத்துனன் இன்னும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறான். வேலை செய்கிற இடத்தில் யாருக்கும் கையோ கண்ணோ போகாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. அங்கே எனக்கு 'சங்கு' என்று பட்டப்பெயர். தீ ஒத்திகைக்கு நான் மணி அடித்தால், வேதியியல் துறைத் தலைவர் நாற்காலியைவிட்டு அசையாமல், "சங்கு ஊதிடுச்சுப்பா, யாராவது போய் டீ வாங்கிட்டு வாங்க" என்பார். மொத்தத் துறையும் சிரிக்கும்.

சிரிப்பைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அவருடைய ஆய்வகத்தில் ஒரு மாணவிக்குக் கண் போயிற்று. கண் கவசம் இல்லாமல் அவளை வேலை செய்யவிட்டவர் அவர். விசாரணையில், "பாதுகாப்பு அதிகாரின்னு ஒருத்தர் எதுக்கு சார் சம்பளம் வாங்கறாரு?" என்று கேட்டவரும் அவர்தான். அத்தனை பேரும் என் பக்கம் திரும்பினார்கள். அன்றைக்குப் பிடித்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கும் இப்போதும் உடம்பெல்லாம் எரிகிறது.

அந்த ஆய்வகத்தில் என் பேச்சை மதித்தவர் ஒரே ஒருவர், ஆய்வக உதவியாளர். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கவசம் போடாமல் ஒரு குடுவையைக்கூடக் கழுவமாட்டார். மணி அடித்தால் புல்வெளிக்கு வந்து தனியாக நிற்பார். நான் சோதித்துப் பார்த்து, சரியாக இருக்கும் கருவியில் பச்சை அட்டை மாட்டுவேன். "நீங்க பச்சை அட்டை மாட்டிட்டீங்கன்னா, நான் கண்ணை மூடிக்கிட்டு வேலை பார்ப்பேன் சார்" என்பார். அவர் மகள் அந்த வருடம்தான் கல்லூரியில் சேர்ந்திருந்தாள்.

அங்கே ஒரு கண்ணாடிக் கூண்டு உண்டு. விஷ ஆவி கிளம்பும் வேலைகளை அதற்குள்தான் செய்ய வேண்டும். கூரையிலுள்ள விசிறி ஆவியை உறிஞ்சி வெளியே தள்ளும். உறிஞ்சுவது குறைந்தால் கூண்டு கத்தும். அந்தச் சத்தம் தலைவருக்கு ஆகாது. சத்தத்தை நிறுத்தும் பொத்தானில் ஒரு தீக்குச்சியைச் செருகி, அதன் வாயை நிரந்தரமாக அடைத்துவிட்டார். ஜன்னல் காற்று அடித்தால் ஆவி அறைக்குள் திரும்பிவிடும் என்பதால், 'ஜன்னல்களை மூடி வேலை செய்யவும்' என்று எழுதி ஒட்டியிருந்தேன். அவர் வேண்டுமென்றே நாலு ஜன்னலையும் திறந்து வைத்துக்கொள்வார்.

அக்கா ஒருநாள் தீக்குச்சியைக் காட்டி, "இதை எடுத்துடட்டுமா சார்?" என்று கேட்டார்.

"இருக்கட்டும்க்கா. சாட்சிக்கு வேணும்" என்றேன்.

கூரையில் நான் செய்தது சின்ன வேலை. விசிறியின் பெல்ட்டைக் கழற்றினேன், அவ்வளவுதான். பெல்ட் இல்லாவிட்டாலும் மோட்டார் ஓடும், சத்தமும் கேட்கும். விசிறி மட்டும் சுற்றாது. கீழே வந்து கூண்டில் பச்சை அட்டையை மாட்டினேன். மறுநாள் காலை அதில் தலைவரே வேலை செய்வதாக இருந்தது. ஜன்னல் திறந்திருக்கும், ஆள் சாகமாட்டார். தலை சுற்றி, வாந்தி எடுத்து, நாலு பேர் தூக்கிக்கொண்டு வரட்டும். அப்போது அந்தத் தீக்குச்சியை எல்லோருக்கும் காட்டுவேன். கணக்கில் தப்பே இல்லை.

காலையில் என் அறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். புல்வெளிக்கு அந்தப் பக்கம் ஆய்வகம். தலைவர் கைப்பேசியோடு வெளியே வந்தார். "நீங்களே முடிச்சிடுங்கம்மா, எனக்கு மீட்டிங்" என்று உள்ளே பார்த்துக் கத்தினார். அக்கா கையுறை மாட்டிக்கொண்டார். பிறகு ஜன்னல்களை ஒவ்வொன்றாக மூடினார். கடைசி ஜன்னல் இறுகிப்போயிருந்தது. தோளால் தள்ளி மூடினார்.

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அந்த ஆய்வகத்தில் நாலு ஜன்னலும் மூடியிருந்ததை அன்றுதான் பார்த்தேன். அன்றைய வேலையில் கிளம்பும் வாயு முதலில் மூக்கை மரத்துப்போக வைக்கும், பிறகு நாற்றமே தெரியாது. எனக்கு அது தெரியும், வகுப்பே எடுத்திருக்கிறேன்.

அக்காவைக் கொன்றது நான்தான். மறுக்கவில்லை. ஆனால் சும்மா வேடிக்கை பார்த்தேன் என்று எழுதிவிடாதீர்கள். கிளம்பினேன். வராந்தாவில் ஓடக் கூடாது என்று எழுதி ஒட்டியவனே நான், அதனால் நடந்துதான் போனேன். என் அறை வாசலிலேயே மணி இருக்கிறது, அதைத் தாண்டித்தான் போக வேண்டும். அடித்திருக்கலாம். அடித்திருந்தால் அக்கா எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்திருப்பார். மற்றவர்கள் சிரித்திருப்பார்கள்.