கையில் ஒட்டிய மண்

எழுதிப் பழகாத கை இது. கதை என்று ஒன்றைத் தங்கள் முன் வைக்கத் துணிந்தமைக்கு வாசகப் பெருமக்கள் அடியேனைப் பொறுத்தருள வேண்டும். பினாங்கில் சீனப் பெருநாளுக்கு மறுநாள் காலை, துறைமுகத் தொழிலாளி நல்லமுத்துவும் அவரது அண்டை வீட்டாராகிய ஹபீபா பீவி அம்மையாரும் குழாயடியில் பேசியவற்றை, இடையில் என் சொல்லைச் சேர்க்காமல் கீழே தருகிறேன்.

— முதல்ல அந்தக் கையக் காட்டுங்க பீவியம்மா. ஏன் முந்தானைக்குள்ள ஒளிக்கிறீங்க?

— வழிய விடு நல்லமுத்து. தண்ணிக்கு வந்தவ நான், உன் கச்சேரிக்கு வரல.

— நகத்துக்குள்ள மண்ணு. சேலையெல்லாம் மண்ணு. உங்க கொல்லையில புதுசா ஒரு குழி. என் கருப்பனக் கொன்னு புதைச்சுட்டீங்களா?

— வாயக் கழுவு!

— பின்ன நாய் எங்க? நேத்து வேலைக்குப் போறப்ப வாசத்தூணுல கட்டிட்டுப் போனேன். ராத்திரி வேலை முடிஞ்சு இப்ப வந்து பாத்தா அறுந்த கயிறுதான் கெடக்கு.

— நல்லாக் கட்டின! எதிர்க்கடைச் சீன முதலாளி, அந்தத் தவுக்கே, மாடியிலேருந்து தரை வரைக்கும் சரவெடி தொங்க விட்டிருக்கான். அதுக்கு நேரா நாயக் கட்டிட்டுப் போன பெரிய மனுசன்.

— ரெண்டு காதுலயும் பஞ்சு வச்சுட்டுத்தான் போனேன்.

— தரையே அதிருது, பஞ்சு என்ன செய்யும்? கட்டிப்போட்டா எங்க ஓடி ஒளியும்?

— பாடம் நடத்தாதீங்க. நாய் நிழல் பட்டாலே படியக் கழுவுறவங்க நீங்க. உங்க பூனை வெள்ளச்சிக்கு மட்டும் மீனுல முள்ளெடுத்து ஊட்டுவீங்க. போன மாசம் நாய் பிடிக்கிறவன்கிட்டப் போட்டுக் குடுத்தது யாரு?

— நான்தான். ஓயாமக் குரைச்சா என்ன செய்ய, தாலாட்டவா?

— பாத்தீங்களா! நேத்து அத்தனை அமளியிலயும் நீங்க அம்மி அரைச்சுக்கிட்டே இருந்தீங்களாம். பின்வீட்டு நூர்ஜான் சொல்லுச்சு. ஒரு உசுரு கதறுது, உங்களுக்கு மசாலா கேக்குதா?

— மசாலா இல்ல. வெறுங்கல்லு.

— என்னது?

— அம்மியில ஒண்ணுமில்ல. குழவிய மட்டும் இழுத்தேன். வெடிச் சத்தம் அது காதுல விழாம இருக்கட்டும்னு.

— எது காதுல? மழுப்பாதீங்க. மண்ணுக்குப் பதில் சொல்லுங்க.

— இத்தனை வருசம் பக்கத்துல இருந்தும் எங்க வழக்கம் தெரியாதா? நாயோட எச்சில் பட்டா ஏழு தடவை கழுவணும். அதுல ஒரு தடவை மண்ணு கரைச்ச தண்ணி. நேத்துச் சாயங்காலத்திலேருந்து நாலு தொழுகை. ஒவ்வொண்ணுக்கும் கழுவிட்டு வருவேன், திரும்ப மடியில ஏறிக் கைய நக்கும். மண்ணு கொல்லையிலதான எடுக்கணும்?

— அப்ப... அந்தக் கயிறு?

— அருவாமணையால நான்தான் அறுத்தேன்.

— கருப்பன்...

— என் கட்டிலுக்கடியில. சுத்திச் சாக்கு கட்டி இருட்டாக்கி, கம்பளியப் போத்தி வச்சிருக்கேன். இன்னும் நடுங்குது. மெதுவாத் தூக்கிட்டுப் போ, அதட்டாத.

— பீவியம்மா, நான் என்னமோ...

— மன்னிப்பெல்லாம் எனக்கு வேணாம். என் வீட்டுல போனத மட்டும் கேட்டுக்க. அது எச்சில் பண்ணின பாய் ஒண்ணு. மண்சட்டி ஒண்ணு. தொழுகைச் சேலை ஒண்ணு. உன் நாயக் கண்டு மிரண்டு, சன்னலத் தாண்டி வெடிக்குள்ள ஓடி, திரும்பி வராத வெள்ளச்சி ஒண்ணு.