மரத்துப்போன இடம்

நோயாளி பேசும்போது நான் குறுக்கே பேசமாட்டேன். பாதி நோய் அவர்கள் சொல்வதிலேயே தெரிந்துவிடும்; மீதி, தொட்டுப் பார்த்தால் தெரியும். இயன்முறை மருத்துவத்தில் என் பெயர் கொஞ்சம் வெளியே தெரிய இந்தப் பொறுமைதான் காரணம்.

நீங்கள் விசாரிக்க வந்திருப்பது என் அண்ணனைப் பற்றி. வீட்டுச் சாமான்களை லாரியில் ஏற்றி இறக்கும் வேலை அவருக்கு. ஒரு பீரோவை மாடிப்படியில் இறக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. முதுகெலும்பின் வட்டு பிதுங்கி நரம்பை அழுத்தியது. கத்தி வைக்காமல், பயிற்சியாலேயே அதைக் குணப்படுத்தலாம் என்பதுதான் என் ஆராய்ச்சி. அதில் சேர்ந்த நோயாளிகளில் பலர் பாதியிலேயே அறுவை சிகிச்சைக்கு ஓடிவிட்டார்கள். "தடவிக் குடுத்தே தண்டுவடத்தை நிமித்திருவாராம்" என்று தலைமை அறுவை மருத்துவர் ஒரு மருத்துவர் கூட்டத்தில் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அண்ணன் மட்டும் தானாக வந்து என் மேசையில் குப்புறப் படுத்தார். "உன் ஆராய்ச்சிக்கு என் முதுகு இலவசம்டா."

நன்றாகத் தேறினார். தானே குனிந்து செருப்பு மாட்டினார். அடுத்த கூட்டத்தில் அவரை மேடையில் நடக்கவைப்பதாக அறிவித்தேன்.

அதற்கு முந்தைய நாள் காலை அண்ணி அவரை அழைத்துவந்தார். அண்ணி காதில் விழாதபடி அண்ணன் சொன்னார்: "உக்கார்ற எடமே மரத்துப் போச்சுடா. ஒண்ணுக்கும் சரியா வரல."

முதலாண்டு மாணவனுக்கும் தெரியும். கால்களுக்கும் சிறுநீர்ப்பைக்கும் போகும் நரம்புகள் நசுங்குகின்றன. அன்றே அறுவை செய்யாவிட்டால் போனது போனதுதான். எனக்கும் தெரிந்தது.

மல்லாக்கப் படுக்கவைத்து, தொடையின் உட்புறத்தில் ஊசிமுனையால் தொட்டேன். அவர் கண் கூரையைவிட்டு அசையவில்லை.

"தெரியுதுல்ல?" என்றேன்.

என் முகத்தைப் பார்த்தார். சிறுவயதிலிருந்தே என் முகம் வாடினால் அவருக்குத் தாங்காது. "தெரியுதுடா," என்றார்.

"பெரிய ஆஸ்பத்திரியில காட்டிரலாமா தம்பி?" என்று அண்ணி கேட்டார்.

"வேண்டாம் அண்ணி. நரம்பு தளர்றப்ப இப்படித்தான் இருக்கும். நாளைக்கு நடந்து காட்டட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

ஒரே ஒரு நாள்தான் கேட்டேன்.

அண்ணன் மேடையில் நடந்தார். கைதட்டினார்கள். தலைமை அறுவை மருத்துவரும் தட்டினார். அவரையே பார்த்துக்கொண்டிருந்ததால், படியிறங்கும்போது அண்ணன் கால் மடங்கி விழுந்ததை நான் கவனிக்கவில்லை. இடுப்புக்குக் கீழே இன்றுவரை அசைவில்லை.

தெரியாமல் நடந்த தவறு என்று சொல்லச் சொல்கிறார் என் வக்கீல். தெரிந்தேதான் செய்தேன்.

"தம்பி மேல தப்பில்ல, தெரியுதுன்னு சொன்னது நாந்தான்" என்று அண்ணன் உங்களிடம் சொல்லியிருக்கிறார். அதையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். அண்ணிதான் என்னை வீட்டுக்குள் விடுவதில்லை. துக்கத்தில் இருக்கிறார், சரியாகிவிடும்.

எந்தத் தண்டனையானாலும் ஏற்கிறேன். அண்ணனுடைய கால்களுக்கான பயிற்சியை மட்டும் வேறு யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். அவர் உடம்பை என்னளவுக்கு அக்கறையாகப் பார்க்க யாரும் இல்லை.