தன் பெயரைச் சொல்லிப் பேசிய கிருஷ்ணப்பன்

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் எங்கள் கேபிள் தொலைக்காட்சியின் உரிமையாளர் அய்யா குருமூர்த்தி அவர்களே! இந்த மண்டபத்தின் வெக்கையைப் பொருட்படுத்தாமல் முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியோர்களே! சம்பளக் கவரைப் பிரிக்கும் முன்பே அரிசிக்கு எவ்வளவு, அடுப்புக்கு எவ்வளவு, பிள்ளைகளின் பள்ளிக்கு எவ்வளவு என்று மனத்துக்குள்ளேயே பங்கு பிரித்துவிடும் தாய்மார்களே! முதல் ஷிப்டு முடித்து முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு ஓடி வந்திருக்கும் தோழர்களே! இரண்டாம் ஷிப்டுக்கு மட்டம் போட்டுவிட்டு வந்திருக்கும் மாவீரர்களே! சிரிக்காதீர்கள், உங்கள் சூப்பர்வைசர் மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். கன்னடத்தில் விலை கேட்டு, தெலுங்கில் சண்டை போட்டு, தமிழில் சமாதானம் ஆகும் என் ஓசூர்ப் பெருமக்களே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் என்னை ஏணி என்றார்கள், தோணி என்றார்கள், ஒருவர் கலங்கரை விளக்கம் என்றே சொல்லிவிட்டார். ஓசூரில் கடல் எங்கே இருக்கிறது? இன்று பணக்கணக்குச் சொன்னாலும், நான் படித்தது மெக்கானிக்கல் என்ஜினீயரிங். அளவு தப்பிய பொருளைத் தயங்காமல் தள்ளிவிடு என்று சொல்லிக்கொடுத்தவர்களிடம் படித்தவன். இந்தப் புகழ்ச்சியும் அளவு தப்பியது. தள்ளிவிடுகிறேன்.

‘வரவு செலவு நேரம்’ என்ற நம் நிகழ்ச்சிக்கு இன்று மூன்றாம் ஆண்டு நிறைவு. தொகுப்பாளர் அருணா தொலைபேசியை எடுப்பார். நான் பதில் சொல்வேன். மதியம், ஷிப்டு மாறுகிற வேளையில், நேரலை. பேசியது பேசியபடி போகும். வெட்டவும் முடியாது, ஒட்டவும் முடியாது. இந்த நிகழ்ச்சியை நடத்தியது நானா? இல்லை. என் அறிவா? அதுவும் இல்லை. அழைத்தவர்கள் நடத்தினார்கள்! அஞ்சி அஞ்சி அழைத்தவர்கள் நடத்தினார்கள்! அவமானத்தை விழுங்கிக்கொண்டு அழைத்தவர்கள் நடத்தினார்கள்!

அழைக்கிறவர்களுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. யாரும் தனக்காகக் கேட்பதே கிடையாது. எல்லாருக்கும் ஒரு நண்பர் இருப்பார். “சார், என் பிரண்டு ஒருத்தரு தெரியாம ஒரு சீட்டுல சேந்துட்டாரு” என்பார்கள். பெயரும் பொய், ஊரும் பொய். ஒரு நாள் ஒருவர், “குருபரப்பள்ளிலருந்து பேசறேன் சார், என் பிரண்டு சம்சாரத்தோட நகைய வெச்சு புதுசா பைக் வாங்கிட்டாரு, அது முதலீடுங்களா?” என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் வந்தது: “யோவ், அது என் நகையாய்யா?” தொலைபேசி வைக்கப்பட்டுவிட்டது. அந்தப் பிரண்டு உயிரோடு இருக்கிறாரா என்று இன்றுவரை தெரியவில்லை.

ஆமாம், ஆமாம், கையைத் தூக்க வேண்டாம் அண்ணே. உங்களைக் காட்டிக்கொடுக்க மாட்டேன்.

சிரித்தது போதும். நான் சொல்ல வந்தது வேறு.

சென்ற ஆண்டு ஒரு மதியம். அழைப்பு ஒன்று வந்தது. “அண்ணே, வணக்கம்ணே. எம் பேரு சம்பங்கி. நாட்றாம்பாளையத்துல இருந்து பேசுதேன்.”

நாட்றாம்பாளையம் எங்கே இருக்கிறது? மலைமேல், காட்டோரம். இந்த அம்மாவின் பேச்சோ சாத்தூர்ப் பக்கத்துப் பேச்சு. பின்னால் லாரி ஹாரன் அலறுகிறது. ‘மசாலா டீ ரெண்டு’ என்று ஒருவர் கூவுகிறார். எந்தக் காட்டில் லாரி வரிசை கட்டி நிற்கிறது? எனக்குப் புரிந்துவிட்டது. ஏதோ ஒரு கம்பெனி வாசலில், ஒரு ரூபாய் போட்டுப் பேசுகிற தொலைபேசியில் நிற்கிறார்.

“விஷயத்தைச் சொல்லுங்கம்மா, காசு தீந்துடும்” என்றேன்.

“என் கூட்டாளி ஒருத்தி வீட்டுக்காரரு இன்னைக்கி வேலைய விடப்போறாருண்ணே. பெர்மனெண்ட் வேலை. ராஜினாமாக் கடுதாசி சட்டைப் பையில இருக்கு. வேலைய விட்டாத்தான் பி.எப். பணம் மொத்தமா வருமாம். அத வச்சி சானமாவு காட்டுப் பக்கம் மனை வாங்கலாம்னு புரோக்கர் சொல்லிருக்கான். அப்பறமா அதே கம்பெனில கான்ட்ராக்ட்ல சேத்து விடுதேன்னும் சொல்லிருக்கான். அவரு இந்தா டீக்கடைல உக்காந்துருக்காருண்ணே. டீயக் குடிச்சிட்டு உள்ள போயிருவாரு.”

“அவரு டீக்கடையில இருக்கறது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“மதியச் சோறு மறந்துட்டாருன்னு கொண்டாந்தேன். அவரு மறக்கலண்ணே. நாந்தான் ஒளிச்சி வச்சேன்.”

தோழர்களே, இது உலகத்தில் வேறு எங்காவது நடக்குமா? சேமிப்பைக் கையில் எடுப்பதற்காக, சோறு போடுகிற வேலையையே உதறுவது! நம் தொழிற்பேட்டையில் தெருவுக்கு நான்கு பேர் இதைச் செய்திருக்கிறீர்கள். இல்லை என்று சொல்லுங்கள் பார்க்கலாம். ஏன் தலையைக் குனிகிறீர்கள்?

நான் சொன்னேன்: “அம்மா, மனை வாங்க வேலையை விட வேண்டியதே இல்லை. வேலையில் இருந்துகொண்டே பி.எப்.பில் முன்பணம் கேட்கலாம். ஆனால் மனையின் பத்திரத்தைக் காட்ட வேண்டும். அந்தப் புரோக்கர் அந்த வழியைச் சொல்லாமல் இந்த வழியை ஏன் சொல்கிறான்? காட்டுவதற்குப் பத்திரம் இல்லை! அந்த மனையில் முதலில் பால் காய்ச்சிக் குடிபோவது யானையாகத்தான் இருக்கும்!”

கை தட்டுகிறீர்கள். அன்று கைத்தட்டல் கிடைக்கவில்லை. கிடைத்தது வேறு. அந்த டீக்கடையில் ஒரு டி.வி. இருந்தது. அதில் நம் நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. டீ குடித்துக்கொண்டிருந்த மனிதருக்குத் தன் மனைவியின் குரல் டி.வி.யிலிருந்து கேட்டது. திரும்பிப் பார்த்தார். நான்கு கடை தள்ளி மனைவி நிற்கிறார், கையில் ரிசீவர், இடுப்பில் டிபன் பாக்ஸ்!

அடுத்து எனக்குக் கேட்டது ஓர் ஆணின் குரல். “ஏட்டீ பேச்சி, ஊரு பூராவும் நம்ம வீட்டு வெவகாரத்த ஒப்பாரி வைக்கியா?” உடனே ரிசீவர் கைமாறியது. “யாருய்யா நீ? டி.வி.ல கோட்டு மாட்டிக்கிட்டு உக்காந்து பேசுறதுக்கு நல்லாத்தான் இருக்கும். வாடக வீட்டுல, தண்ணி பிடிக்கதுக்கு வீட்டுக்காரம்மா மொகத்தப் பாத்து நிக்கது எம் பொண்டாட்டி. நீ வந்து நிப்பியா?”

அப்படித்தான் சம்பங்கி எனக்குப் பேச்சியம்மாள் ஆனார். அவர் கணவர் பெயர் வெள்ளைச்சாமி என்பது பிறகு தெரிந்தது. நான் பதில் சொன்னேன். விதியைச் சொன்னேன், வட்டியைச் சொன்னேன், கணக்கைச் சொன்னேன். ஒன்றாவது தப்பா? ஒன்றும் தப்பில்லை. ஒன்றாவது அவர் காதில் ஏறியதா? ஒன்றும் ஏறவில்லை! “அதான் கான்ட்ராக்ட்ல திருப்பி எடுத்துக்கிடுதாங்கள்ல? அதே வேலதான?” என்று அதையே திருப்பிச் சொன்னார். தொலைபேசி பீப் பீப் என்றது. காசு தீர்ந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் ஓர் அதிசயம் நடந்தது. பின்னால் நின்ற வரிசையில் யாரோ, “இந்தாங்க்கா, என் காசப் போடுங்க” என்றார். சடக்கென்று ஒரு ரூபாய் விழுந்தது. பீப் சத்தம் நின்றது. இன்னொருவர், “எங்கிட்டயும் இருக்கு” என்றார். வீட்டுக்குப் பேச வைத்திருந்த காசு! அம்மாவிடம் இரண்டு வார்த்தை பேச வைத்திருந்த காசு! முகம் தெரியாத ஒருவன் பிழைக்கட்டும் என்று அந்தப் பெட்டிக்குள் போட்டார்கள். அவர்கள் யார், எந்த ஊர், என்ன சாதி? எனக்குத் தெரியாது. இந்தக் கூட்டத்தில் இருந்தால், உங்கள் ஒவ்வொருவருக்கும் இந்த மேடையிலிருந்து கும்பிடு போடுகிறேன்.

அதோடு முடியவில்லை. அந்த வரிசையில் நின்ற ஒருவர் ரிசீவரை வாங்கினார். கொஞ்சம் கன்னடம் கலந்த பேச்சு. என்னிடம் அவர் பேசவே இல்லை. ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு, எதிரில் நின்ற வெள்ளைச்சாமியிடம் பேசினார்.

“அண்ணா, ஸ்வல்ப நில்லு. நான் கிருஷ்ணப்பன். இதே கம்பெனி, தகடு அடிக்கற பிரஸ் ஷாப்பு. பிரண்டு யாரும் இல்ல, நானேதான். நானும் இப்டிதான் எழுதிக் குடுத்துட்டு பி.எப். எடுத்தேன், மனை வாங்கினேன். மனைக்கு இன்னிக்கும் வழி இல்ல. வேலைக்குத் திரும்பி எடுத்தாங்க, இல்லேங்கல. அதே மிசினு, அதே கை. சட்டை கலருதான் வேற. முன்னாடி கேண்டீன்ல உக்காந்து தின்னேன். இப்போ சைக்கிள் ஸ்டாண்டுல நின்னு திங்கறேன். எனக்கு வேலை பழக்கிக் குடுத்த ஆளு, என்னை ‘ஏ காண்ட்ராக்ட்டு’ன்னு கூப்பிடறான். பேரு மறந்துட்டான் அண்ணா. என் பேரு கிருஷ்ணப்பன். நீயாச்சும் ஞாபகம் வெச்சுக்க.”

ஓசூர் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது! அவர் மனைவி கேட்டிருப்பார், மாமனார் கேட்டிருப்பார், கான்ட்ராக்டர் கேட்டிருப்பார். தெரிந்துதான் பேசினார். மூன்று ஆண்டுகளில் என் நிகழ்ச்சியில் தன் பெயரை, தன் இடத்தை, தன் தோல்வியை மறைக்காமல் சொன்ன முதல் மனிதர் அவர்.

அருணா வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கம்பெனிச் சங்கு ஊதியது. கடைசியாகக் கேட்டது வெள்ளைச்சாமியின் குரல்: “பேச்சி, டிபன் பாக்ஸக் குடு.” அவ்வளவுதான். இணைப்பு போய்விட்டது.

கொடுத்தாரா கடிதத்தை, கொடுக்கவில்லையா? அடுத்து அழைத்தவர் தங்கம் வாங்கலாமா என்று கேட்டார். “வாங்குங்க, வாங்காதீங்க, எனக்கென்ன?” என்று எரிந்து விழுந்தேன். ஒரு வாரம் ஸ்டுடியோவில் யாரோடும் ஒழுங்காகப் பேசவில்லை. அருணாவைக் கேளுங்கள், இன்னும் அந்தக் கோபம் அவருக்குப் போகவில்லை.

பிறகு பேச்சியம்மாள் அழைத்தார். இம்முறை சம்பங்கி இல்லை, நாட்றாம்பாளையமும் இல்லை. “நான் பேச்சியம்மாதான் பேசுதேன்ண்ணே. அவரு கடுதாசியக் குடுக்கல. ஆனா, அந்தக் கிருஷ்ணப்பண்ணனை நாளைலருந்து வராதன்னு கான்ட்ராக்டர் சொல்லிட்டானாம். டி.வி.ல பேசுனதுக்காக.”

எனக்கு ரத்தம் கொதித்தது. “இப்ப என்ன பண்றாங்க?” என்றேன்.

“எங்க வீட்டுக்காரரு சும்மா இருப்பாராண்ணே? லைன்ல உள்ள பெர்மனெண்ட் ஆளுக அத்தன பேரையும் கூட்டிக்கிட்டுப் போயி, அவரு வந்தாத்தான் பிரஸ்ஸு ஓடும்னு சொல்லிட்டாரு. மறுநாளே சேத்துக்கிட்டாங்க. இப்ப ரெண்டு பேரும் சைக்கிள் ஸ்டாண்டுல நின்னுதான் சாப்பிடுதாங்களாம். ‘உள்ள போயி உக்காந்து சாப்பிடுய்யா’ன்னு அந்த அண்ணன் சொன்னாலும், இவரு கேக்க மாட்டேங்காரு.”

பெருமக்களே! நிரந்தர வேலை என்றால் என்ன என்று நான் படித்த நிதிப் புத்தகம் சம்பளக் கணக்கில் சொன்னது. போனஸ் கணக்கில் சொன்னது. ஓய்வூதியக் கணக்கில் சொன்னது. வெள்ளைச்சாமி எனக்குச் சொன்னது வேறு. நிரந்தர வேலை என்பது நிமிர்ந்து நிற்கும் முதுகு! அடுத்தவனுக்காகத் திறக்கும் வாய்! அன்று அந்தக் கடிதம் போயிருந்தால், கிருஷ்ணப்பனுக்காகப் போய்க் கேட்பதற்கு யார் இருந்திருப்பார்கள்? தன்னை இழந்த ஒருவர் இன்னொருவரைக் காப்பாற்றினார். காப்பாற்றப்பட்டவர் அவரைத் திரும்பக் காப்பாற்றினார். இதற்கு எந்த வங்கி வட்டி கொடுக்கும்? எந்த நிறுவனம் பத்திரம் எழுதித் தரும்?

வெள்ளைச்சாமிக்கு இன்னும் சொந்த வீடு இல்லை. பொய் சொல்ல மாட்டேன். பேச்சியம்மாள் இன்னும் தண்ணீருக்குக் காத்து நிற்கிறார். ஆனால் அன்றிலிருந்து என் நிகழ்ச்சியில் நண்பர்கள் குறைந்துவிட்டார்கள். “நான் இன்னார், இந்த ஊர், நான்தான் ஏமாந்தேன், மத்தவங்க ஏமாறாம இருக்கட்டும்” என்று அழைக்கிறார்கள். ஒருவர் சொன்னால் பத்துப் பேர் தப்புகிறார்கள். நான் என்ன செய்கிறேன்? நடுவில் உட்கார்ந்து தொண்டையைக் கனைக்கிறேன்.

கிருஷ்ணப்பன் இங்கே வரவில்லை. தேடாதீர்கள். கான்ட்ராக்ட் ஆளுக்கு விழாவுக்கெல்லாம் விடுப்பு கிடையாது. இந்த நிமிடம் அவர் பிரஸ் முன்னால் நிற்கிறார். நாளை மதியம் இந்த விழா ஒளிபரப்பாகும். அப்போது பார்ப்பார்.

கேமராத் தம்பி, என் முகத்தை எடுத்தது போதும். அந்தப் பக்கம் திருப்புங்கள். கூட்டத்தைக் காட்டுங்கள். பெருமக்களே, நான் உட்கார்ந்த பிறகு எனக்காகக் கை தட்ட வேண்டாம். இப்போதே அவர் பெயரைச் சொல்லுங்கள். அந்தக் கம்பெனியில் மறந்து போன பெயரை ஊரே சேர்ந்து சொல்லுங்கள். கன்னடம் பேசுகிறவர்களும் சொல்லுங்கள், தெலுங்கு பேசுகிறவர்களும் சொல்லுங்கள். பெயர் எல்லா மொழியிலும் ஒன்றுதான்.

கிருஷ்ணப்பன்! இன்னும் உரக்க! கிருஷ்ணப்பன்!

போதும். நாளை அவருக்குக் கேட்கும்.

காசு போட்ட கைகளுக்கும், பெயர் சொன்ன வாய்களுக்கும், பொறுமையாக இருந்த உங்கள் காதுகளுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. வணக்கம்!