மூன்று அலுவலகத்தையும் ஒரே கால்வாய்க்கு இழுத்து வந்தவருக்கு

வாயில்லா உயிர்களின் வலியறிந்த வைத்தியரே! சேற்றுக்கும் சீற்றத்துக்கும் அஞ்சாத செம்மையரே! எங்கள் டாக்டரம்மா!

மாலை கனத்தால் கழற்றி வைத்துவிட்டு இப்படிக் கிட்ட வந்து உட்காருங்கள். புகழுரைக்கு முன் ஒரு கதை சொல்லப் போகிறோம். எதிரே இருக்கும் கண்ணுகளே, கேளுங்கள். மேடையில் இருக்கும் பெரியவர்களும் காதைக் கொடுங்கள்.

ஒரே கட்டடத்தில் எங்களுக்கு மூன்று கதவுகள்: கால்நடை, கால்வாய், சுகாதாரம். அந்த மழைக்காலத்தில் கன்றுகளுக்குக் கழிச்சல் கண்டது. கால்நடைப் பிரிவினர் மருந்து கொடுத்தார்கள். தொழுவத்தைக் கழுவிக் கால்வாயில் விட்டார்கள். கால்வாய்க்காரர்கள் அடைப்பை எடுத்தார்கள். அள்ளிய சகதியை ஒரு தெருவின் குடிநீர்க் கிணற்று ஓரத்தில் குவித்தார்கள். மழை அதைக் கிணற்றுக்குள் கொண்டுபோனது. அந்தத் தெருவின் பிள்ளைகள் வாந்தியும் பேதியுமாய் விழுந்தபோது சுகாதாரத்தார் மேல்தொட்டியில் குளோரின் போட்டார்கள். கிணற்றை எட்டிப் பார்க்கவில்லை. அவரவர் வேலையை அவரவர் அப்பழுக்கில்லாமல் செய்தோம். தையல்காரரின் இளைய மகள் மட்டும் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பவில்லை.

எங்கள் பிரிவில் தப்பில்லை என்று மூன்று கதவும் சொன்னபோது, சாணி அப்பிய பூட்ஸோடு நடுக்கூடத்தில் நின்று கேட்டீர்கள்:

"மாட்டுக்கும் மனுஷனுக்கும் தண்ணி ஒண்ணு. ஆபீஸ் மட்டும் எதுக்குய்யா மூணு? கிளம்புங்க, எல்லாரும் என்கூட நடங்க."

நடந்தோம். அன்று தொடங்கியது நம் திங்கட்கிழமை நடை: தொழுவம், கால்வாய், கிணறு, குழாய், கடைசியில் யாராவது ஒருவர் வீட்டு அடுப்படி. சாணி டாக்டர் ஊர்வலம் போகிறது என்று கேலி பேசியவர்களும் பின்னாலேயே வந்தார்கள். சகதி மேட்டை ஊருக்கு வெளியே மாற்றினோம். கழுவுநீருக்குத் தனிக்குழி வெட்டினோம். அப்புறம் அந்தத் தெருவில் கன்றும் விழவில்லை, குழந்தையும் விழவில்லை.

அந்த நடையைத்தான் இப்போது நிறுத்தச் சொல்கிறார்கள். எந்தப் பிரிவின் பணியிலும் அது சேராதாம். நீங்கள் ஓய்வு பெற்றுப் போனதும் அவரவர் கதவுக்குள் திரும்ப வேண்டுமாம். உத்தரவில் கையெழுத்திட்ட மேலதிகாரியின் அதே கைதான் சற்றுமுன் உங்களுக்குப் பொன்னாடை போர்த்தியது. ஐயா, பொன்னாடையைப் போட்டுக் கிணற்றை மூட முடியுமா? வாழ்த்து மடலில் வயிற்றெரிச்சல் எதற்கு என்று கேட்பீர்கள். கடைசி வரிசையில் தையல்காரர் உட்கார்ந்திருக்கிறார். அவர் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள்.

கனிவிலும் கண்டிப்பிலும் குறையாத அம்மா! மூட்டு வலி விலகி, முகம் வாடாமல், நெடுநாள் நடமாட்டத்தோடு இருங்கள். உங்கள் வீட்டுக் குழாயில் தெளிந்த நீர் வரட்டும். வாசலில் கட்டிய கன்று துள்ளட்டும். அடுப்படியில் அள்ளிக் குடிக்கும் பேரப்பிள்ளைகள் நோயறியாமல் வளரட்டும்.

இவண்,
உத்தரவு என்ன சொன்னாலும்
திங்கட்கிழமை காலை தொழுவத்து வாசலில் கூடப்போகும்
மூன்று கதவு ஊழியர்கள்