கோழிகளுக்குத் தெரிந்த சத்தம்

“அதைக் குலுக்காதீங்க தம்பி, கோழியெல்லாம் ஓடி வந்துடும்.”

நான் சொல்லி முடிப்பதற்குள் நீங்கள் குலுக்கிவிட்டீர்கள். பவுடர் கலக்கும் அந்த மூடி போட்ட குடுவைக்குள் கம்பி உருண்டை கடகடவென்று ஓடியது. திராட்சைப் பந்தலுக்கு அடியில் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்த கோழிகள் எல்லாம் உங்கள் பூட்ஸைச் சுற்றி வந்து நின்றன. நீங்கள் கோழிகளைப் பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள். சின்ன வயதுப் போலீஸ்காரர் என்றாலும் கெட்டிக்காரர்தான். இனி ஒளிப்பதில் அர்த்தம் இல்லை.

என் பெயர் ஓய்தீன். ஸெபோவுக்கு நான் அக்கா. அப்பா அம்மா போன பிறகு, கோகந்த் ஊரில் இந்த வீட்டில் நாங்கள் இருவர் மட்டும்தான். அவளுக்கு விமானப் பணிப்பெண் ஆக ஆசை. வசந்த காலத்தில் நேர்காணலுக்குத் தாஷ்கந்த் போனாள். புறப்படும்போது வழக்கப்படி ரொட்டியில் ஒரு வாய் கடித்தாள். மிச்சத்தை நான் சுவர் ஆணியில் மாட்டினேன். கடித்தவர் திரும்பி வந்து அதைத் தின்று முடிக்க வேண்டும். வந்தாள். உடம்பைக் குறைத்துக்கொண்டு இலையுதிர் காலத்தில் வரச் சொன்னார்களாம்.

உடற்பயிற்சிக் கூடத்தில் புரோட்டீன் பவுடர் வாங்கச் சொன்னார்கள். காலையும் மதியமும் சாப்பாட்டுக்குப் பதில் ஒரு குடுவை, இரவில் கொஞ்சம் இறைச்சியும் காய்கறியும். கலக்கிக் கொடுப்பது என் வேலை. அவள் இளைத்தாள். நன்றாகவே இளைத்தாள். கண்ணாடி முன் நின்று, தொளதொளத்த இடுப்புத் துணியைப் பிடித்துக் காட்டுவாள்.

“இன்னும் கொஞ்சம்தான் அக்கா. அப்புறம் உன் தலைக்கு மேலதான் பறப்பேன். கோழிக்குத் தீனி போடுறப்ப அண்ணாந்து பார்த்துக் கை காட்டு, என்ன?”

அந்த வாரம்தான் டப்பாவில் இருந்த பவுடரை எடுத்துவிட்டு மாவை நிரப்பினேன். வறுத்த பார்லி மாவில் கொக்கோ கலந்தால் நிறத்தில் வித்தியாசம் தெரியாது. விஷம் ஒன்றும் இல்லை. நம் பிள்ளைகள் எல்லாரும் தின்று வளர்ந்த மாவு. கொஞ்சம் பூசினாற்போல் ஆனால் வீட்டோடு இருந்துவிடுவாள் என்று நினைத்தேன். அசல் பவுடரை வீணாக்க மனம் வரவில்லை. அவளுக்குக் குலுக்கும்போதெல்லாம் அதில் ஒரு கரண்டியைக் கோழித் தட்டில் போட்டேன்.

“ருசி மாறியிருக்கே அக்கா,” என்றாள்.

புது டப்பா என்றேன்.

கோடையில் அவள் முகம் உப்பியது. பக்கத்து வீட்டு ரிஸ்வோன் பெரியம்மா சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்து, “உன் தங்கச்சிக்குக் கன்னம் வச்சிருக்கே, நல்லா ஊட்டுற போல,” என்று என்னைப் பாராட்டினாள். எனக்குப் பெருமையாக இருந்தது. ஸெபோ எடை மெஷினில் ஏறி நின்று அழுதாள். அன்று முதல் இரவுச் சாப்பாட்டையும் விட்டுவிட்டாள். மூன்று வேளையும் என் குடுவை மட்டும். கால்வாய்க் கரையில் ஓடப் போகிறவள் பாதி வழியில் உட்கார்ந்துவிடுவாள். தலைவாரினால் சீப்பில் கொத்தாக முடி.

ஒரு மாலை என் மடியில் காலை நீட்டி, எவ்வளவு கொழுப்பு பார் என்றாள். கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினேன். பள்ளம் விழுந்தது. விரலை எடுத்த பிறகும் அப்படியே இருந்தது. அம்மாவின் கடைசி நாட்களில் அவள் கால்களை நான்தான் பிடித்துவிட்டேன். நீர் கோத்த கால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

“ஆமா, கொழுப்புதான்,” என்றேன். “நாளையிலேர்ந்து பவுடரைப் பாதியாக் குறைச்சுக்கலாம்.”

குறைத்தேன். அவள் மறுபேச்சுப் பேசவில்லை. என்மேல் அவளுக்கு எவ்வளவு நம்பிக்கை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நேற்றுக் காலை முற்றத்தில் விழுந்தாள். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது ரொட்டியை அவள் வாயருகே கொண்டுபோனேன். கடிக்கவில்லை. தாடையைப் பிடித்து அழுத்திப் பல் பதிய வைத்தேன். ஊழியர் என்னைத் தள்ளிவிட்டார். பரவாயில்லை, பல் பதிந்துவிட்டது. ஆணியில் தொங்குவது அந்த ரொட்டிதான். அதனால் அவள் திரும்பி வருவாள்.

வெறும் மாவையும் தண்ணீரையும் கொடுத்தது நான். சத்தில்லாமல்தான் கால் வீங்கியது என்று தெரிந்த பிறகும் கொடுத்தது நான். கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் மருத்துவமனையில் யார் எதைக் கொடுத்தாலும் அவள் வாயை மூடிக்கொள்கிறாள் என்கிறீர்கள். மூடிக்கொள்ளத்தானே செய்வாள். அவளுக்கு என் கைதான் பழக்கம்.

“அந்தக் குடுவையை இப்படிக் குடுங்க தம்பி, கழுவிடறேன். அசல் பவுடர் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கு. அக்கா கலக்கினதுன்னு சொன்னாக் குடிச்சிடுவா. நீங்களே கொண்டுபோய்க் குடுக்கிறீங்களா?”